உழவர் உதவித் தொகையும் ஊராட்சியின் கடமையும்

(போடிநாயக்கனூர் வட்டாரத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய சொற்பொழிவு)



1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. அந்நாளில் அரசின் உதவி விதையாகவும் உரமாகவும் தக்காவிக் கடனாகவும் வந்தது. இன்று அதில் ஒரு பகுதி ரொக்கமாக, நேரே வங்கிக் கணக்கைச் சென்றடைகிறது. 2019 பிப்ரவரி 24-இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி அத்தகையது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளில் அளிக்கப்படுகிறது. முதலில் இரண்டு ஹெக்டேர் வரை நிலமுடையோர்க்கே என்றிருந்த வரம்பு அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோரும் அரசு ஊழியரில் பெரும்பாலோரும் இதற்கு உரியவரல்லர்.

இத்தொகை உழுகின்ற கையைப் பார்த்து வருவதன்று. நில ஆவணத்திலுள்ள பெயரைப் பார்த்து வருவது. இதனை நாம் நன்கு உணர வேண்டும். கொட்டகுடி, குரங்கணிச் சரிவுகளில் காப்பியும் ஏலமும், அடிவாரத்தில் மாவும் இலவும் தென்னையும் நாம் வளர்க்கிறோம். ஆனால் தந்தை காலமாகிப் பல்லாண்டு சென்ற பின்னும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கும் குடும்பங்கள் உண்டு. மக்கள் வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்துப் பாடுபடுகின்றனர். பயிர் அவர்களுடையது, பட்டாவிலுள்ள பெயரோ அவர்களுடையதன்று.

1.2.2019 அன்று ஆவணத்தில் பெயருள்ளோர்க்கே உதவி என்பது விதி. எனினும் உரிமையாளர் இறந்து, வாரிசு முறையில் நிலம் பெற்றோர்க்கு விலக்கு உண்டு. ஆகவே இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் பெற்று, பட்டா மாறுதலுக்கு மனுச் செய்தல் முதல் வேலை. கணவரை இழந்த தாய்மார்கள் இதில் தயங்குதல் கூடாது. ஆதார் எண்ணை வங்கிக் கணக்குடன் இணைத்து, மின்னணு முறையில் அடையாளத்தைச் சரிபார்த்துக் கொள்வது இரண்டாவது வேலை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் தவணை நின்றுவிடும்.

போடிமெட்டுக்கு அப்பால், கேரள எல்லையில் ஏலத் தோட்டம் உடையோரும் நம்மிடையே பலர். எங்கெங்கு நிலமிருப்பினும் ஒரு குடும்பத்திற்கு ஓர் உதவியே கிட்டும். கணவன், மனைவி, வயது வராத மக்கள் சேர்ந்ததே ஒரு குடும்பம். ஜீப்பில் மலையேறும் நிலமற்ற தொழிலாளிக்கும், குத்தகைக்கு உழுபவர்க்கும் இத்திட்டத்தில் இடமில்லை. இக்குறையை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அவர்களுக்குரிய பிற திட்டங்களை எடுத்துச் சொல்வது நம் பொறுப்பு.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2020-இல் நம் மாநிலத்தில் தகுதியற்றோர் சுமார் ஐந்தரை லட்சம் பேர் இத்திட்டத்தில் புகுந்தது கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 110 கோடி ரூபாய் தவறான கணக்குகளுக்குச் சென்றது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் இது மிகுதி. அலுவலகக் கடவுச்சொற்களைத் தரகர்கள் தவறாகப் பயன்படுத்தினர். பின்னர் அரசு அத்தொகையை வசூலிக்க முற்பட்டது. தரகரை நம்பிக் கையெழுத்திட்ட ஏழைகளும் பணத்தைத் திருப்பிக் கட்ட நேர்ந்தது.

கணினி அறியாததை ஊர் அறியும். எவருக்கு நிலமுண்டு, எவருக்கில்லை, எவர் இறந்தார், எவர் வாரிசு என்பதெல்லாம் ஊராருக்குத் தெரியும். ஆகவே கிராம சபையில் பயனாளிகள் பட்டியலை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். விடுபட்டோர் பெயரைக் குறித்து வேளாண்மை அலுவலரிடம் கொடுங்கள். தகாதவர் பெயர் இருப்பின் அஞ்சாது சுட்டிக்காட்டுங்கள்.

2,000 ரூபாய் சிறு தொகைதான். ஆயினும் களையெடுப்புக் கூலிக்கும் உரத்துக்கும் கடன் வாங்கும் விவசாயிக்கு அது காலத்தில் வந்த கைப்பொருள். உரியவர் ஒருவரும் விடுபடாமலும், உரிமையில்லாதவர் ஒருவரும் புகாமலும் காப்பது நம் ஊராட்சிகளின் கையில் இருக்கிறது. அப்பணியில் எங்கள் அலுவலகம் என்றும் உங்களுக்குத் துணை நிற்கும்.