ஆறாவது கட்டுரை



பத்தாம் ஆண்டு விழாவில் பேச வேண்டுமென்று செயலாளர் பணித்தபோது, கவிதையைப் பற்றிப் பேச என்னினும் தகுதி உடையோர் இந்த அவையில் நிறைந்திருப்பதால், நான் பயின்ற விலங்கியல் துறையிலிருந்து ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். ரேமண்ட் லிண்டிமன் என்பது அவர் பெயர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1915இல் பிறந்தவர். நன்னீர்ச் சூழலியல் அறிஞர். 1942 ஜூன் 29ஆம் நாள், 27 வயது நிறைவதற்குச் சில வாரங்கள் முன்பே, கல்லீரல் நோயால் மறைந்தார். அவர் எழுதி முடித்த ஆய்வுக் கட்டுரைகள் ஆறு.

ஆறே கட்டுரைகள் எழுதியவரை இன்றைய அளவுகோல் எப்படி மதிப்பிடும்? யூஜின் கார்ஃபீல்டு 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிடத் தொடங்கினார். யார் யாரை மேற்கோள் காட்டினர் என்று தேட உதவுவதே அதன் நோக்கம். தேடப் பயன்பட்டது பின்னர் எடை போடவும் பயன்பட்டது. 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலறிஞர் எச்-எண் என்ற ஒன்றை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் பத்து, தலைக்குப் பத்து முறையேனும் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் பத்து. எழுதிய கட்டுரைகளின் தொகையை இந்த எண் ஒருபோதும் தாண்டாது. ஆகவே லிண்டிமன் ஆறு கட்டுரைகளோடு நின்றதால், அவருடைய எண்ணும் ஆறுக்கு மேல் ஏறாது. நம் கணியன் பூங்குன்றனாருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. புறநானூற்றில் ஒன்று, நற்றிணையில் ஒன்று, அவ்வளவே நமக்குக் கிடைத்தவை!

அந்த ஆறாவது கட்டுரை என்ன செய்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே செடார் பாக் என்றொரு சிற்றேரி இருக்கிறது. ஆழம் குறைந்து, தூர்ந்து, சதுப்பாகிக்கொண்டிருக்கும் முதிய ஏரி. லிண்டிமனும் அவர் மனைவி எலியனோரும் ஐந்தாண்டுகள் அந்த ஏரியின் பாசியையும் புழுவையும் பூச்சியையும் மீனையும் அரித்தெடுத்து எண்ணினார்கள். எது எதைத் தின்கிறது என்று பட்டியல் எழுதுவது அந்நாளைய வழக்கம். லிண்டிமன் அத்தோடு நிற்கவில்லை. உயிர்கள் அனைத்தையும் ஆற்றலாக மாற்றி, கலோரியில் கணக்கெழுதினார். ஏரியின் மீது விழுந்த வெயிலில் தாவரங்கள் பிடித்துக்கொண்டது 0.10 விழுக்காடு. தாவரங்கள் சேர்த்ததில் அவற்றைத் தின்றவை பெற்றது 13.3 விழுக்காடு. அவற்றையும் வேட்டையாடித் தின்றவை பெற்றது 22.3 விழுக்காடு. டான்ஸ்லி 1935இல் உருவாக்கிய சூழல்தொகுதி என்ற சொல்லுக்கு இவ்வாறு உள்ளீடு கிடைத்தது.

அவர் வரைந்த உணவுச் சுழற்சிப் படத்தின் நடுவில் மீனும் இல்லை, தாமரையும் இல்லை, சேறு இருக்கிறது. இறந்தது எது, வாழ்வது எது என்று பிரித்தறிய முடியாத அந்தச் சேற்றை நடுவில் வைத்த துணிவை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

1941இல் முனைவர் பட்டம் பெற்று யேல் பல்கலைக்கழகத்தில் ஹட்சின்சன் என்ற பேரறிஞரிடம் சேர்ந்தார். அங்கே செப்பம் செய்யப்பட்ட கட்டுரை ‘எக்காலஜி’ இதழுக்குப் போயிற்று. மதிப்பிட்ட இருவர், ஏரியியலில் மூத்தவர்களான ஜூடேயும் வெல்ச்சும், வேண்டாம் என்றார்கள். கோட்பாடு மிகுதி, தரவு குறைவு என்பது அவர்கள் வாதம். ஜூடே விஸ்கான்சின் ஏரிகளில் வாழ்நாளைக் கழித்தவர். மெண்டோட்டா ஏரி பற்றி அவர் வெளியிட்ட கணக்கையே லிண்டிமன் தம் ஏரிக்கு ஒப்பீடாக எடுத்தாண்டிருந்தார். தம் எண்களைக் கொண்டே ஓர் இளைஞர் பொதுவிதி பேசுவது முதியவருக்கு உவக்கவில்லை போலும். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஓர் ஏரியின் ஐந்தாண்டுக் கணக்கை வைத்துப் பொதுமை பேசுவதில் ஐயம் எழுவது இயல்பே. ஹட்சின்சன் விடாமல் வாதாடினார். பதிப்பாசிரியர் தாமஸ் பார்க் திருத்திய வடிவை ஏற்றார். கட்டுரை 1942 அக்டோபரில் வெளிவந்தபோது லிண்டிமன் மறைந்து மூன்று மாதம் கடந்திருந்தது. முடிவில் ஹட்சின்சன் இரங்கற்குறிப்பு ஒன்றைச் சேர்த்திருந்தார்.

அதன் பிறகு அது மேற்கோள் காட்டப்பட்ட முறைதான் நான் இங்கு சொல்ல விரும்பிய முதன்மையான செய்தி. நம் பள்ளிப் பாடநூல்களில் பத்து விழுக்காடு விதி என்றொன்று உண்டு; ஓர் உணவுநிலையிலிருந்து அடுத்ததற்குப் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே செல்லும் என்பது. அடைப்புக்குறிக்குள் ‘லிண்டிமன், 1942’ என்றிருக்கும். நானும் கரும்பலகையில் பலமுறை எழுதிப்போட்டவன்தான். மூலக் கட்டுரையைத் தேடிப் படித்தபோது திகைத்தேன். செடார் பாக் ஏரிக்கு 13.3, 22.3, மெண்டோட்டாவுக்கு 8.7, 5.5, 13.0. பத்து எங்கும் இல்லை. உண்ணும் நிலை உயர உயரத் திறனும் உயரக்கூடும் என்றே அவர் கருதினார். அவர் பெயரால் மனப்பாடமான விதி அவர் சொன்னதன்று. மேற்கோள் அட்டவணைக்கு இந்த வேறுபாடு தெரியாது; கற்றவன் காட்டினாலும் கல்லாதவன் காட்டினாலும் அதற்கு ஒன்று ஒன்றுதான். என் மாணவர்களுள் எத்தனை பேர் இன்று அந்தப் பத்தைத் தம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ!

மேற்கோளை நான் இகழவில்லை. இகழும் உரிமை தமிழனுக்கு இல்லை. புறத்திரட்டில் எடுத்துத் தொகுத்திராவிட்டால் முத்தொள்ளாயிரத்தில் நமக்கு எஞ்சியிருப்பது மிகச் சிலவே. உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியதால் மட்டுமே பெயர் தெரியும் நூல்கள் பல. அவர்கள் படித்து, பொருந்துமிடம் அறிந்து எடுத்துக்காட்டினார்கள். இன்றோ 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த புள்ளிமுறைக்குப் பின், கல்லூரி ஆசிரியர்கள் கட்டுரையை எண்ணிக்கைக்காக எழுதக் கற்றுக்கொண்டார்கள். அத்தகைய கட்டுரைகள் சிலவற்றை மதிப்பிட எனக்கும் அனுப்பினார்கள்; ஓர் ஏரிக்கரையில் ஐந்தாண்டு நின்றதற்கான தடயம் அவற்றுள் ஒன்றிலும் இல்லை.

ஏரியியல், கடலியல் அறிவியல்களுக்கான சங்கம் லிண்டிமன் பெயரில் ஒரு விருதை ஆண்டுதோறும் வழங்கி வருகிறது. இளம் ஆய்வாளர் எழுதிய சிறந்த கட்டுரைக்கு உரிய விருது அது. கட்டுரை ஒன்று போதும்.