காட்டுப்பன்றியும் ஸ்பேக்னமும்

'தாவரம், விலங்கு வேறுபடுத்துக' என்றால் 'இடம்பெயராது, இடம்பெயரும்' என்று எழுதி மாணவர்கள் மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இந்த இரண்டையும் கொடுத்து, மண்ணை எது அதிகம் மாற்றுகிறது என்று கேளுங்கள்.

காட்டுப்பன்றி என்பார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது கடலைக்காட்டில் செய்யும் வேலை தெரியும். மூக்கால் கிளறிக் கிழங்கும் புழுவும் தேடும்; விடிந்து பார்த்தால் ஏர் ஓட்டியதுபோல் இருக்கும்.

ஸ்பேக்னம் பலஸ்ட்ரே, வேரே இல்லாத மாஸ். அதன் இலையில் பெரும்பகுதி செத்த செல்கள். உள்ளே வெறும் கூடு, சுவரில் துளை. அந்தக் கூடுகளால்தான் ஸ்பேக்னம் தன் உலர் எடையைப்போல் சுமார் 20 மடங்கு நீரைப் பிடித்துவைக்கிறது. 'செத்த செல்லுக்கு என்ன வேலை?' என்று கேட்டால் கடைசி பெஞ்சும் நிமிரும். சுற்றியுள்ள நீரையும் அது அமிலமாக்குகிறது. காற்றும் புகாததால் அடியில் மடிந்தது மட்காமல் பீட்டாகப் படிகிறது, ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. ஒரு மீட்டருக்கு ஆயிரம் ஆண்டு! நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே பீட் நிலம். உலகின் காட்டு மரங்கள் அனைத்திலும் உள்ளதைவிட அதிகக் கார்பன் அதில் இருக்கிறது.

பன்றி கிளறிய இடத்தில் அடுத்த மழைக்குப் புல் முளைக்கும். வெட்டிய பீட் நம் ஆயுளில் திரும்பாது. பள்ளித் தோட்டத்துக்கு பீட் மாஸ் பொட்டலம் வேண்டாம். தென்னை நார்க்கழிவே போதும்.