சுமை தாங்கும் தசை

நழுவும் ஆடையைப் பற்ற விரையும் கையை நட்புக்கு உவமையாக்கினார் வள்ளுவர். அத்தகைய நட்பு நம் இதயத் தசையிலும் உண்டு.

மன்னார்க் கரையிலே கரைவலை இழுப்போரைப் பாருங்கள். ஒருவர் கை சோர்ந்தால் மற்றவர்கள் அவர் பங்கையும் சேர்த்து இழுப்பார்கள். மாரடைப்பிலும் இதுவே நிகழ்கிறது. குருதி கிடைக்காத தசைப்பகுதி சுருங்குவதில்லை. அயல்தசை சுருங்கி உள்ளே அழுத்தம் ஏறும்போது அது வெளியே பிதுங்குகிறது. 1935இல் ரெனன்ற், விக்கேர்ஸ் என்னும் ஆய்வாளர்கள் இதனைப் பதிவுசெய்தனர். அப்பிதுக்கத்தில் வீணாகும் விசையை ஈடுசெய்ய, நலமான தசை மேலும் வலிந்து சுருங்குகிறது.

ஆனால், உதவும் கையும் ஓய்ந்துபோகும். காயம்பட்ட பகுதி மெலிந்து விரிய, இதய அறை பெருக்கிறது. அறை பெருக்கப் பெருக்க நலமான சுவரின் மீதும் இழுவிசை ஏறுகிறது. மாதங்கள் செல்ல அதுவும் நீண்டு தளர்கிறது. வலி நீங்கி, நோயாளி நிம்மதியாக இருக்கும் காலத்திலேயே இது நடக்கலாம்.

மாரடைப்பால் இதயம் பலவீனமுற்ற 2231 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 1992இல் வெளிவந்தது. இதயத்தின் பாரத்தைக் குறைக்கும் கப்டொப்ரில் என்ற மருந்தை உட்கொண்டோரிடையே உயிரிழப்பு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது.

“வலிதான் போய்விட்டதே, இன்னும் ஏன் குளிசை?” என்று கேட்கும் உறவினருக்குச் சொல்லுங்கள்: அது, சுமை தாங்கி நிற்கும் நல்ல தசையைக் காப்பதற்காக. வைத்தியரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்.