குஞ்சமும் கரையும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகிற்காகக் காத்து நிற்போரின் உடைகளைச் சற்றே உற்று நோக்குங்கள். ஒரு முதியவரின் தோளிலே சால்வை; அதன் முனையிலே முடிச்சிட்ட குஞ்சம்; இடையிலே கரை வைத்த வேட்டி. அருகில் நிற்கும் பேரன் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். அவன் அணிந்திருக்கும் ஜீன்ஸ் காற்சட்டையின் வலப்பைக்குள்ளே, இரண்டு விரல் மட்டுமே நுழையும் இன்னொரு சிறு பை. இவையெல்லாம் எதற்கு என்று கேட்டால், அழகுக்கு என்றே பலரும் விடை கூறுவர்.

அழகு பின்னர் வந்தது. தேவையே முன்னர் வந்தது.

தறியிலே நீளவாட்டில் ஓடுவது பாவு. குறுக்கே செல்வது ஊடை. துணியைத் தறியிலிருந்து அறுத்தெடுத்ததும், அறுபட்ட முனையில் ஊடை நூல் ஒவ்வொன்றாகக் கழன்று வரத் தொடங்கும். அதைத் தடுக்கவே, எஞ்சிய பாவு நூல்களைக் கற்றை கற்றையாகச் சேர்த்து முடிச்சிட்டனர். அதுவே குஞ்சம். கரையின் கதையும் இத்தகையதே. ஓரத்திலேதான் இழுவையும் உராய்வும் மிகுதி. ஆதலால் அங்கே நூலை நெருக்கி நெய்தனர். வலுவுக்கென வந்த கரையிலே வண்ணமும் வந்து அமர்ந்தது.

பேரனின் சிறு பை, கைக்கடிகாரம் பரவுவதற்கு முன்னர் வழங்கிய சங்கிலிக் கடிகாரத்துக்காக அமைந்தது. பை மூலைகளில் மின்னும் செம்பு ஆணிகளும் அணிகலன் அல்ல. அமெரிக்காவின் ரெனோ நகரத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸ், உழைப்பாளிகளின் பைகள் கிழியாதிருக்க அவற்றை அறைந்தார். துணி வணிகர் லெவி ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873ஆம் ஆண்டில் அதற்கு ஆக்கவுரிமையும் பெற்றார்.

காரணத்தை மறந்தால் நேர்வது என்ன? சிக்குகிறதென்று குஞ்சத்தை வெட்டி, ஓரத்தை மடித்துத் தைக்காமலும் விட்டால், நல்ல சால்வை சில சலவையிலேயே பிரியத் தொடங்கும். நெடுந்தீவின் மதில்களும் இதையே உணர்த்துகின்றன. சாந்து இன்றிப் பவளக்கற்களை அடுக்கிய மதில்கள் அவை. கற்களிடையே தெரியும் இடைவெளிகள் குறைபோலத் தோன்றும். ஆயினும், கடற்காற்று மதிலைத் தள்ளாமல் அவற்றினூடே புகுந்து தளர்ந்து செல்கிறது.

எனவே, முன்னோர் விட்டுச்சென்ற சிறு பொருளொன்றை நீக்குமுன், இது எதற்காக வந்தது என்று வினவுதல் நன்று. விடை அறிந்த நெசவாளரும் தையற்காரரும் இருக்கும்போதே வினவுதல் மிக நன்று. பேரன் பாட்டனாரைக் கேட்கட்டும்; பாட்டனாரும் பேரனைக் கேட்கட்டும். படகு ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஓடும். பேசுவதற்குப் பொழுது உண்டு.