துடுப்பு வலித்தலும் வலியறிதலும்

(கல்லூரியின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் படகோட்டப் போட்டி பற்றிப் பேசப் போகிறேன். என்னோடு படித்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். தண்ணீர் என்றாலே எனக்குப் பயம். 1993இல், 14 வயதில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்தேன். போகும்போதும் வரும்போதும் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் விடிந்த பின்னும் மடங்கியே இருந்தன. அதன் பிறகு 25 வருடங்கள் நான் படகில் கால் வைக்கவில்லை.

39 வயதில், இங்கிலாந்தில், என்னோடு வேலை செய்த தாதி ஒருவர் ஒரு ஞாயிறு காலை என்னைத் தேம்ஸ் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இந்த விளையாட்டில் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். கடந்து வந்த தூரம் மட்டுமே கண்ணில் படும். பார்ப்பவர்கள் இதைக் கைவேலை என்று நினைப்பார்கள். இருக்கை சில்லுகளில் முன்னும் பின்னும் ஓடும். பலத்தின் பெரும்பங்கு கால்களிலிருந்தே வருகிறது.

ஒலிம்பிக்கில் பெண்கள் படகோட்டம் 1976இல் மொன்றியலில்தான் சேர்க்கப்பட்டது. ஆண்களுக்கு 2000 மீற்றர், பெண்களுக்கு 1000 மீற்றர் என்று வைத்தார்கள். 1988இல் சியோலில்தான் தூரம் சமமாயிற்று. பெண்கள் அவ்வளவு தாங்கமாட்டார்கள் என்று நினைத்தவர்கள் ஒருநாள் பிரசவ விடுதிப் பக்கம் வந்து பார்த்திருக்கலாம்.

தமிழில் துடுப்பை 'வலிப்பது' என்கிறோம். நோவுக்கும் அதே சொல்தான். பலத்துக்கும் அதே சொல்தான். எட்டாம் வகுப்பில் தமிழ் ரீச்சர் திருக்குறளின் 48ஆம் அதிகாரம் படிப்பித்தபோது, 'வலியறிதல்' என்றால் நோவை அறிவதா என்று எழும்பிக் கேட்டேன். வகுப்பே சிரித்தது. தன் பலத்தையும் பகைவன் பலத்தையும் அளந்து அறிவது என்று ரீச்சர் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

அடுத்த வருடம் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் என் கணுக்கால் பிரண்டது. நொண்டி நொண்டி ஓடி முடித்தேன். மைதானமே கைதட்டியது. அந்தக் கைதட்டல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நோவை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு என்று மனதில் பதிந்தும் விட்டது.

இனி 2022க்கு வருகிறேன். மூத்தோர் போட்டியில் 1000 மீற்றர் ஓட்டம், நால்வர் படகு. 27 வயதிலிருந்து இதில் சேரலாம். படகில் உள்ளவர்களின் சராசரி வயது 43 ஆனால் 'சி' பிரிவு. எங்கள் நால்வரில் மூத்தவருக்கு 52 வயது. முழங்கால் தேய்ந்து, அதுவே தன் கடைசிப் பருவம் என்று சொல்லியிருந்தார். போட்டிக்கு ஒரு மாதம் இருக்கையில் என் வலது விலாவில் ஓரிடத்தில் நோவு தொடங்கியது. மூச்சை ஆழமாக இழுத்தால் குத்தும், இருமினால் குத்தும், இரவில் புரண்டு படுக்க முடியாது. படகோட்டுபவர்களுக்கு விலா எலும்பில் நுண்முறிவு வருவது வைத்தியத்தில் நன்கு தெரிந்த விடயம். வேறொருவர் இப்படி வந்திருந்தால் அன்றே ஓய்வு எழுதிக் கொடுத்திருப்பேன். எனக்கு நானே மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று வாரம் துடுப்பு வலித்தேன். போட்டிக்கு ஐந்து நாள் முன்னர் கையைத் தூக்க முடியவில்லை. மாற்று ஆள் தேட நேரமில்லை. எங்கள் படகு போட்டியிலிருந்து விலகியது.

நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அந்த மூத்தவர் கோபிக்கவில்லை. "முதல் வாரமே சொல்லியிருந்தால் வேறொருவரோடு ஓடியிருப்பேனே" என்று மட்டும் சொன்னார். அவர் மறுபடி போட்டிக்கு வரவில்லை.

கனடாவின் சில்கன் லோமன் பற்றிச் சிலர் அறிந்திருப்பீர்கள். 1992 மே மாதம் ஜேர்மனியில் வேறொரு படகு மோதி அவருடைய கால் கிழிந்தது. பத்து வாரங்களின் பின் பார்சலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். நோவைத் தாங்கிய கதையாகவே இதைச் சொல்வார்கள். ஆனால் அவர் காயத்தை மறைத்துக்கொண்டு படகில் ஏறவில்லை. வைத்தியசாலையில் கிடந்து, பல சத்திரசிகிச்சைகள் செய்த பின்னரே துடுப்பைத் தொட்டார்.

தங்கைமாரே, இரண்டு நோவையும் பிரித்துப் பாருங்கள். போட்டியின் நடுவே இரு தொடைகளும் சேர்ந்து எரியும். நெஞ்சு வெடிப்பதுபோல் மூச்சு வாங்கும். நிறுத்தினால் சற்று நேரத்தில் தணிந்துவிடும். அதற்குப் பயந்து துடுப்பை விடாதீர்கள். பயிற்சியோடு தாங்கும் சக்தியும் வளரும். ஒரே இடத்தில் கூராகக் குத்துவதும், நாளுக்கு நாள் கூடுவதும், இரவில் எழுப்புவதும் வேறு. மாதவிடாய் நோவு மாதாமாதம் உங்களைப் பாடசாலைக்குப் போகவிடாமல் படுக்க வைத்தால் அதுவும் பொறுத்துப் போக வேண்டிய நோவல்ல. அம்மாவிடம், ரீச்சரிடம், வைத்தியரிடம் சொல்லுங்கள். வருடக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வரும் எங்கள் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் அநேகர் முதலில் சொல்வது, "உங்களைக் கரைச்சல் படுத்துகிறேன் டொக்டர், மன்னியுங்கோ" என்பதுதான்.

எலும்பு பொருந்த ஏழு வாரம் சென்றது. மறு வருடம் புதிய நால்வரோடு ஓடினேன், நான்காவதாக வந்தோம். கடைசி 200 மீற்றரில் தொடைகள் எரிந்த எரிவை இன்றும் ஆசையாக நினைக்கிறேன். வலியறிதல் பற்றி எட்டாம் வகுப்பில் நான் கேட்டது அவ்வளவு பிழையான கேள்வியல்ல, ரீச்சர். நோவை அறியாமல் என் பலத்தை நான் அளக்க முடியவில்லை.

கல்லூரியின் நோயறைக்குப் புதிய கட்டில்களும் சுடுநீர்ப் பைகளும் எங்கள் வகுப்புத் தோழியர் வாங்கித் தருகிறோம். தங்கைமாரே, தேவைப்படும்போது வெட்கப்படாமல் அவற்றைப் பாவியுங்கள். பிறகு மைதானத்துக்குத் திரும்பி ஓடுங்கள்.