எண்ணூறு விக்கெட்டும் ஒரு மைதானமும்

(ஹட்டனில் நடைபெற்ற தோட்ட வாலிபர் விளையாட்டு விழாவின் பரிசளிப்பில் நிகழ்த்திய உரை)



விளையாட்டு விழாவிலே நியாயவாதிக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறன்று. ஓடத் தெரிந்தவரை அழைத்திருக்கலாம். பந்து வீசத் தெரிந்தவரை அழைத்திருக்கலாம். நாமோ நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குவதன்றி வேறு ஓட்டம் அறியோம். ஆயினும் அன்போடு அழைத்தீர்கள். தட்ட மனமின்றி வந்தோம். வந்த இடத்தில் எமக்குத் தெரிந்த தொழிலையே செய்ய விரும்புகிறோம். இரண்டு வழக்குகளை உங்கள் முன் வைக்கிறோம். இரண்டிலும் எதிரி மலையகத் தமிழனே. தீர்ப்பை நீங்களே கூறுங்கள்.

முதல் வழக்கு முத்தையா முரளிதரனுடையது.

அவருடைய பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து இம்மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு உழைக்க வந்தவர். பிற்காலத்தில் அவர் திருச்சிராப்பள்ளிப் பக்கம் திரும்பிச் சென்றார். அவர் மகன் முத்தையா இங்கேயே தங்கினார். கண்டிக்கு அருகே பிஸ்கட் செய்யும் தொழிலைத் தொடங்கி, வியர்வை சிந்தி அதனை வளர்த்தார். 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் முரளிதரன் பிறந்தார். 1977ஆம் ஆண்டு வன்செயலில் அக்குடும்பத்தின் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. எரிந்ததை மீண்டும் கட்டினார்கள். ஒன்பது வயதளவில் பிள்ளையைக் கண்டி அந்தோனியார் கல்லூரிக்கு அனுப்பினார்கள். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த அப்பையனைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் அங்கே பயிற்றுவித்த சுனில் பெர்னாண்டோ. 1992ஆம் ஆண்டு ஓகஸ்டில், கொழும்பு கெத்தாராமையில், அவுஸ்திரேலியருக்கு எதிராக அவர் முதன்முதல் டெஸ்ட் ஆடினார்.

குற்றச்சாட்டு வந்தது 1995ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள். மெல்போர்ன் மைதானத்திலே, பல்லாயிரம் மக்கள் பார்த்திருக்க, நடுவர் டரல் ஹேர் மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை கையை நீட்டினார். "இவர் பந்தை வீசவில்லை, எறிகிறார்" என்பது குற்றம். பத்து நாள்களில் பிரிஸ்பேன் நகரில் வேறொரு நடுவர் அதே குற்றத்தைச் சாட்டினார்.

நண்பர்களே, இனி நடந்ததைக் கவனியுங்கள். அவர் ஓடி ஒளியவில்லை. "சோதித்துப் பாருங்கள்" என்று கையை நீட்டினார். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தாரும் ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் அவர் கையை அளந்தார்கள். பிறவியிலேயே அவர் முழங்கை முற்றாக நிமிராது என்பதும், நடுவரின் கண்ணுக்கு எறிவதுபோற் தோன்றியது தோற்றமே என்பதும் வெளிப்பட்டன. 1999ஆம் ஆண்டு ஜனவரியில் அடிலெய்டில் மீண்டும் குற்றஞ் சாட்டப்பட்டபோது, அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் அணியினரை அழைத்துக்கொண்டு மைதானத்தின் எல்லைக்கோடு வரை நடந்தார். சிங்களத் தலைவர் ஒருவர் தமிழ்ப் பந்து வீச்சாளர் ஒருவருக்காக, "இவரை விலக்கினால் நாங்கள் எவரும் ஆடோம்" என்னும் நிலையில் நின்றார். அந்நிகழ்ச்சியை இந்நாட்டு மக்கள் அனைவரும் மறவாதிருத்தல் வேண்டும்.

2004இல் வழக்கு மீண்டும் கிளம்பிற்று. இம்முறை 'தூஸ்ரா' என்னும் பந்தே குற்றம். முழங்கையை அசையவொட்டாத உருக்குக் கவசத்தை மாட்டிக்கொண்டு, படப்பிடிப்புக் கருவிகளின் முன்னிலையில், அதே பந்துகளை அவர் வீசிக் காட்டினார். அதுவும் போதாதென்று கிரிக்கெட் சபையார் மற்றப் பந்து வீச்சாளர்களையும் நுண்கருவிகளால் அளந்தார்கள். அப்போது உண்மை வெளிப்பட்டது. முழங்கை சற்றும் வளையாமல் வீசுவோர் உலகில் ஏறக்குறைய எவருமில்லை! நேர்த்தியான வீச்சுக்காரர் என்று போற்றப்பட்டோரின் கைகளும் வளைந்தன. அதன்மேல் விதியே திருத்தப்பட்டது. எவராயினும் 15 பாகைக்கு உட்பட்டு முழங்கை நிமிரலாம் என்று 2005ஆம் ஆண்டு முதல் யாவர்க்கும் ஒரே அளவு வந்தது.

முதல் வழக்கு இவ்வளவே. குற்றஞ் சாட்டினார்கள், சான்று கேட்டார்கள், அளந்தார்கள், விதி குறையுடையதென்று கண்டபோது விதியைத் திருத்தினார்கள்.

இரண்டாம் வழக்குக்கு வருவோம். இதில் எதிரியின் பெயர் கோடகன் பிள்ளை. இவர் பெயரை உங்களுட் பலர் கேட்டிருக்கமாட்டீர்கள். இவர் பந்து வீசியவர் அல்லர், வாக்குக் கேட்டவர்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1948 நவம்பர் 15ஆம் நாளுக்கு முன் இந்நாட்டிற் பிறந்தவன் பரம்பரையாற் பிரஜையாவதற்கு, அவன் தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். "நீ என்ன செய்தாய்?" என்று அச்சட்டம் கேட்கவில்லை. காட்டை வெட்டினாயா, மலையைத் திருத்தினாயா, கொழுந்து பறித்தாயா என்று கேட்கவில்லை. "உன் பாட்டன் எங்கே பிறந்தான், அத்தாட்சிப் பத்திரம் எங்கே?" என்றது. லயத்துக் காம்பராவில் பத்திரம் வைக்கப் பெட்டகம் ஏது? 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜை அல்லாதவரின் வாக்கும் பறிக்கப்பட்டது.

றுவான்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கேட்டவரே கோடகன் பிள்ளை. ஒரு சமூகத்துக்கு இல்லாத இடையூற்றை மற்றொரு சமூகத்தின்மேற் சுமத்தும் சட்டம் செல்லாது என்று சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு கூறியது. அப்பிரிவையே அவர் தரப்பு நம்பியிருந்தது. உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தோற்றது. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலிலும் தோற்றது. தன் பிரஜைகள் யார் என்று வகுப்பது ஒரு நாட்டின் இயல்பான உரிமை என்றார்கள் அக்கனவான்கள். இந்தியத் தமிழர் இடம்பெயரும் வழக்கமுடையோர் என்பதும் கவனிக்கத்தக்கதே என்றார்கள். தலைமுறை தலைமுறையாய் ஒரே லயத்திற் பிறந்து ஒரே மலையிற் புதையுண்டவரை நோக்கியே இவ்வாறு சொன்னார்கள்!

இவ்வழக்கில் அளவுகோல் பிறருக்கும் பிடிக்கப்படவில்லை. நாட்டிலுள்ள ஏனையோரிடமும் பூட்டனாரின் பத்திரத்தைக் கேட்டிருந்தால் எத்தனை பேர் காட்டியிருப்பார்கள்? கிரிக்கெட் சபையார் செய்ததுபோல் எல்லாருடைய முழங்கையையும் அளந்திருந்தால் அச்சட்டம் ஒரு நாளும் நின்றிராது. எதிர்த்துப் பேசிய தலைவர்கள் சிங்களவருள்ளும் இருந்தார்கள், தமிழருள்ளும் இருந்தார்கள். ஆனால் எல்லைக்கோடு வரை அணியை அழைத்துச் செல்ல அன்று எவருக்கும் இயலவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டார்கள். எஞ்சியோரை 1974இல் பங்கிட்டார்கள். 1988ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் வந்த சட்டங்களாலேயே நாடற்றவர் என்னும் நிலை தீர்ந்தது. கிரிக்கெட் வழக்கு பத்து ஆண்டில் முடிந்தது. எமது வழக்கு முடிய ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

நண்பர்களே, முரளிதரனை எந்தக் கட்சிக்கும் கொடியாக்க நாம் வரவில்லை. அவர் கூறிய அரசியற் கருத்துகள் யாவும் எமக்கு உடன்பாடானவையும் அல்ல. ஆனால் அவர் பெயரைச் சொல்லி எம்மை வாயடைப்போர் உளர். "உங்களிலிருந்து முரளி வரவில்லையா? திறமையிருந்தால் யாரும் வரலாமே!" என்கிறார்கள். அதற்கு விடை கூற வேண்டியது எம் கடமை.

முரளிதரன் லயத்திலிருந்து வரவில்லை. அவர் குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியேறிய பின்னரே அவர் வந்தார். தந்தைக்குச் சொந்தத் தொழில் இருந்தது; பிள்ளைக்கு நல்ல கல்லூரி கிடைத்தது; கல்லூரியில் மைதானமும் பயிற்றுநரும் இருந்தனர். வடக்கைப் பாருங்கள். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரப் பாய்ந்து, இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி தந்த வீரர். 2018இல் இலங்கைப் பெண்கள் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்றபோது அதிலாடிய தர்ஜினி சிவலிங்கமும் யாழ் மண்ணின் மகளே. அங்கே போர் இருந்தது, துயரம் இருந்தது; ஆனாற் பள்ளிக்கூடம் இருந்தது, அதன் பக்கத்தில் ஒரு வெளியும் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன இருந்தது? நெடுங்காலம் ஒற்றை ஆசிரியரின் கொட்டிற் பள்ளிக்கூடமே இருந்தது.

மலைநாட்டில் சமநிலம் இல்லை என்பார்கள். துரைமாருக்கு எப்படிக் கிடைத்தது? நுவரெலியாவில் 1875இல் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. 1889இல் கோல்ப் கழகம் வந்தது. இதோ பக்கத்தில், டரவளையில், 19ஆம் நூற்றாண்டிலேயே தோட்டத் துரைமார் கிரிக்கெட் ஆடினர். அந்நிலங்களைச் சமப்படுத்தியவை யாருடைய கைகள்? இன்று உங்கள் பிள்ளைகள் பந்தாடுவது பிரட்டுக்களத்தில், அல்லது லயத்து வாசலில், அல்லது வளைந்து செல்லும் தார் வீதியில். பந்து சரிவில் உருண்டால் ஒருவன் கீழ்மலை வரை இறங்கி எடுத்து வர வேண்டும். இன்று முதற்பரிசு பெறும் பிள்ளைகள் பயிற்சி பெற்ற இடம் அதுவே. பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

இதற்கும் ஒரு சட்டம் காரணமாயிருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாய் நின்றது. வாக்களிக்கலாம், உறுப்பினரைத் தெரிந்தெடுக்கலாம்; ஆனால் அவ்வுறுப்பினர் உங்கள் லயத்துக்கு ஒரு பாதை போடக் கேட்டாற் "தோட்டம் எமக்குரியதன்று" என்று கோப்பை மூடுவார்கள். 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. பாதை, கிணறு முதலிய பொது வசதிகளைச் சபை இப்போது தோட்டத்துக்கும் செய்யலாம். அதே காலத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் தோன்றின. விளையாட்டு மைதானம் பொது வசதி அன்று என்று எந்த நியாயவாதியாலும் வாதிட முடியாது. காணியோ 1970களில் அரசுடைமையானது; 1992 முதல் நிருவகிக்கும் கம்பனிகள் குத்தகைக்காரரே. ஆகவே நாம் கேட்பது எவருடைய சொத்தையும் அன்று.

விதி திருந்திவிட்டது. ஆனால் விதி திருந்தினால் மட்டும் விக்கெட் விழாது. பந்தை வீச வேண்டும். எத்தனை தோட்டங்களிலிருந்து இதுவரை எழுத்தில் விண்ணப்பம் சென்றிருக்கிறது? மேடைகளிற் கேட்டோம், தேர்தற் காலத்திற் கேட்டோம். முறைப்படி எழுதிக் கேட்டோமா? இக்குற்றத்தில் எம்போன்ற படித்தவர்க்கும் பங்குண்டு.

ஆதலின் ஒரு வேலையோடு உங்களை அனுப்ப விரும்புகிறோம். ஒவ்வொரு தோட்டத்து வாலிபர் கழகமும், தாய்மாரையும் ஓய்வு பெற்ற பெரியோரையும் சேர்த்துக்கொண்டு, தம் தோட்டத்திற் பயிரிடப்படாது கிடக்கும் ஒரு துண்டு நிலத்தைத் தெரிந்து, அதன் எல்லைகளைக் குறித்து, பிரதேச சபைக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் விண்ணப்பம் எழுதட்டும். எழுத்து வேலையை நாம் கூலியின்றிச் செய்து தருவோம். மறுத்தால், காரணத்தை எழுத்திற் கேட்போம். காரணம் செல்லாதென்றால் அதற்குரிய மன்றம் உண்டு. ஒப்பமிட்ட படியொன்றை வீட்டில் பத்திரமாய் வையுங்கள். பத்திரமின்றி எம் பாட்டன்மார் பட்ட பாட்டை மறவாதீர்கள்.

இறுதியாக ஒன்று. 2010ஆம் ஆண்டு ஜூலையில் காலி மைதானத்தில் முரளிதரன் தம் கடைசி டெஸ்ட் ஆட வந்தபோது அவர் கணக்கில் 792 விக்கெட்டுகள் இருந்தன. இவ்வாட்டத்தோடு ஓய்வு பெறுவேன் என்று முன்னரே அறிவித்துவிட்டார். எண்ணூறுக்கு எட்டு வேண்டும். ஏழு வீழ்ந்தன. எட்டாவது வரத் தாமதித்தது. ஓவர் மேல் ஓவராக வீசினார், கிடைக்கவில்லை, மீண்டும் வீசினார். 22ஆம் நாள், டெஸ்ட் வாழ்வில் அவர் வீசிய கடைசிப் பந்தில் அந்த எட்டாவது விக்கெட் விழுந்தது.

எமது விண்ணப்பமும் முதல் ஓவரிலேயே பலிக்கும் என்று நாம் வாக்களிக்கமாட்டோம். வீசிக்கொண்டிருப்போம். பரிசு பெறும் பிள்ளைகளுக்கு எமது வாழ்த்து. அடுத்த ஆண்டு விழாவுக்கு வரும்போது, நாம் நின்று பேசும் மண் உங்கள் சொந்த மைதானத்தின் மண்ணாக இருக்கட்டும்.