நூறு வேண்டாம், தொண்ணூற்றொன்பது போதும்

கோடை வந்துவிட்டால் எங்களைப் போன்ற சர்வீஸ் கடைக்காரர்களிடம் இரண்டு பேச்சுதான். "லேப்டாப் கொதிக்குது" என்பது ஒன்று. "நல்ல கூலிங் பேட் எது அண்ணாச்சி?" என்பது இன்னொன்று. முதல் பேச்சு நியாயம். இரண்டாவதைக் கேட்டால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆறு ஃபேன், நீல விளக்கு, பளபளப்பான பெட்டி! அந்த ஃபேன்கள் சுற்றவும் பெரும்பாலும் அதே லேப்டாப்பின் யூஎஸ்பி வழியாகத்தான் மின்சாரம் போகிறது. பால் பொங்கும்போது அடுப்பைக் குறைக்காமல் பக்கத்தில் நின்று விசிறி வீசுவார்களா யாராவது?

தூசியைச் சுத்தம் செய்வது, மெத்தைமேல் வைத்துக் காற்று வழியை அடைக்காமல் இருப்பது, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றுவது, திரை வெளிச்சத்தைக் குறைப்பது, இதெல்லாம் நீங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்தவை. செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் இன்று எனக்குக் கிடைத்த நேரத்தை ஒரே ஓர் எண்ணுக்குத்தான் தரப்போகிறேன். அந்த எண் 99.

விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல் பேனலுக்குப் போங்கள். பவர் ஆப்ஷன்ஸ். அதற்குள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். அதற்குள் 'மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 100 என்று போட்டிருக்கும். அதை 99 ஆக்குங்கள். அவ்வளவுதான் வேலை.

ஒரே ஒரு சதவீதம் குறைத்து என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். குறைவது ஒரு சதவீதம் அல்ல. பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் 99 என்று போட்டதுமே 'டர்போ பூஸ்ட்' நின்றுவிடுகிறது. 2017இல் வந்த ஐ5 8250யூ என்ற பிராசஸரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றும் என் மேசைக்கு அடிக்கடி வருவது. அதன் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். டர்போவில் 3.4 வரை பாயும். அது 15 வாட் பிராசஸர் என்று சொல்வதெல்லாம் அடிப்படை வேகத்துக்கான கணக்கு. டர்போவில் பாயும் அந்தச் சில நொடிகளில் 15 எங்கேயோ போய்விடும்.

வேகம் கூடினால் ஏன் இவ்வளவு சூடு? இங்கேதான் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். வேகமாக ஓட பிராசஸருக்கு வோல்டேஜ் கூடுதலாகத் தேவை. மின்செலவு வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு அதன் இருமடியாக ஏறும். திரும்பச் சொல்கிறேன்: வோல்டேஜின் இருமடி. வோல்டேஜை 10 சதவீதம் குறைத்தால் செலவு 19 சதவீதம் குறையும். வேகத்தையும் கூடவே 10 சதவீதம் குறைத்தால் 27 சதவீதம் குறையும்.

வேகத்தை மட்டும் பாதியாக்கினால் ஒரு வேலைக்கு ஆகும் மொத்த மின்சாரத்தில் பெரிய லாபம் இல்லை. வேலை முடிய இரண்டு மடங்கு நேரம் ஆகும். கணக்கு அங்கேயே நேராகிவிடும். உண்மையான மிச்சம் வோல்டேஜ் இறங்குவதால்தான் வருகிறது. சூடு தணிந்தால் டிரான்சிஸ்டர்களில் கசிகிற மின்சாரமும் குறையும். அதனால் இன்னும் கொஞ்சம் சூடு தணியும். பேட்டரியின் ஆயுளுக்கும் அது நல்லது.

வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் குறைக்கும் 'அண்டர்வோல்டிங்' எனக்கு இதைவிடப் பிடித்த வித்தை. 2019 டிசம்பரில் அதே வோல்டேஜ் வழியாக நுழையும் 'பிளண்டர்வோல்ட்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. அதன்பின் பல லேப்டாப்களில் அந்தக் கதவைப் பூட்டிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூலிங் பேட் வாங்க வந்தார். லேப்டாப்பை வாங்கிப் பார்த்தேன். சூடு 90 டிகிரியைத் தாண்டி நின்றது. 99 போட்டேன். டீ குடித்து முடிப்பதற்குள் 70க்குப் பக்கத்தில் இறங்கி, ஃபேன் சத்தமும் அடங்கிவிட்டது. "எவ்வளவு தம்பி?" என்றார். "ஒண்ணும் வேண்டாம் சார்" என்றேன். "காசு வாங்காத வைத்தியம் பலிக்காதுப்பா" என்று டீக்கடைக் கணக்கை அவரே தீர்த்துவிட்டுப் போனார்.

"வேகம் போயிடுமே" என்பார்கள் இளைஞர்கள். கடிதம் அடிக்க, பாடம் பார்க்க, வங்கிக் கணக்குப் பார்க்க 3.4 கிகாஹெர்ட்ஸ் எதற்கு? வீடியோ எடிட்டிங் செய்கிற அன்று மறுபடி 100 போட்டுக்கொள்ளுங்கள், யார் தடுத்தார்கள்? சில புதிய லேப்டாப்களில் நான் சொன்ன வரியே கண்ணில் படாது. அவற்றை வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேக் வைத்திருப்பவர்கள் 'லோ பவர் மோட்' போடுங்கள்.

முடிவாக ஒன்று. பிறந்த சூட்டை விரட்டக் காசு செலவழிக்காதீர்கள், சூட்டைப் பிறக்கவிடாதீர்கள். இன்று இரவே அந்த 100ஐ 99 ஆக்கி ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் கூலிங் பேட் தேவை என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள்.